குரு மறைந்தபின் கூடியிருத்தல்

திங்கள்தோறும் திருவண்ணாமலைக்குச் சென்று வரும் இளைஞர் ஒருவர் எமக்கு ஒரு கடிதம் விடுத்துள்ளார். பொறியியற் கல்வி பயின்றவர். தம் பாட்டனாரிடம் தேவாரம் பாடங் கேட்டவர். ஆண்டுள்ள இரமணாச்சிரமத்தின் பழைய தியான மண்டபத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தால், வேறெங்கும் அடங்காத தம் உள்ளம் அடங்கிவிடுகின்றது என்றும், ஊர் திரும்பியபின் தம்மொத்த அன்பர் பதின்மருடன் ஞாயிறுதோறும் ஒரு வீட்டிற் கூடி வாய்பேசாது அமர்ந்திருப்பதாகவும் எழுதியுள்ளார். அக்கூட்டத்திற்குத் தலைவர் இல்லை. நூல் ஓதுவாரும் இல்லை. இவற்றைக் கூறியபின் மூன்று வினாக்களை எழுப்புகின்றார். 1950-இல் திருமேனி மறைந்த ஒருவரை, அதற்கு நெடுங்காலம் பின்னர்ப் பிறந்த தாம் குருவெனக் கொள்ளலாமா? தங்கள் கூட்டம் அடியார் திருக்கூட்டம் ஆகுமா? உள்ளம் அடங்குதல் கைவந்தபின் சைவ தீக்கையும் வேண்டுமா?

இவ்வினாக்களுக்கு ஒருவரியில் விடை கூறுவார் இருதிறத்தும் உளர். இறந்தார் குருவாகார், மடத்திற்குச் சென்று தீக்கை பெறுக என்று நம்மவருட் சிலர் கூறுவர். குரு என்பது உடம்பன்று, ஆகலின் அமர்ந்திருத்தலே போதும் என்று ஆச்சிரமத்தார் சிலர் கூறுவர். இரண்டும் முழுப்பொய்யல்ல, ஆயினும் இரண்டும் வினாவியவர் நெஞ்சத்தைத் தொடாதன. வாழும் ஆசிரியர் ஒருவரை நடுவாகக் கொண்டு தியானத்தின் பொருட்டுக் கூடிய கூட்டம், அந்நடு மறைந்தபின் எதனைப் பற்றி நிற்கின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது. அதனை ஆராயுமுன், அக்கூட்டம் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சிறிது நோக்குவாம்.

திருச்சுழியில் 1879-இல் தோன்றிய வேங்கடராமன் என்னும் சிறுவர், மதுரையிற் பயிலும் நாளிற் பெரியபுராணத்தைக் கையில் எடுத்தார். அறுபத்துமூவர் திருவுருவின்முன் நின்று கண்ணீர் வார்த்தார். இதனை நம்மவர் மறத்தல் கூடாது. 1896-இல் மரண அச்சம் ஒன்று வலிய வந்து பற்ற, சாவது யாது, சாவாதது யாது என்று தம்முள்ளே ஆராய்ந்து தெளிந்தார். அவ்வாண்டு செப்டெம்பர் 1-ஆம் நாள் அருணாசலேசுவரர் திருமுன்பு வந்து நின்றவர், பின்னர் 54 ஆண்டுகள் அம்மலையை விட்டு அகலவே இல்லை. விரூபாக்ஷி குகையிலும் கந்தாச்சிரமத்திலும் வதிந்த காலத்தில் ஒருவர் இருவராக வந்து சூழ்ந்தனர். அன்னையார் அழகம்மையார் 1922-இல் அடக்கமாயினர்; அவரது சமாதியருகே மகரிஷிகள் மலையினின்று இறங்கி வந்து தங்க, அதனைச் சுற்றி ஓர் ஆச்சிரமம் தானே முளைத்தது. ஒரு கழகம் நிறுவுவோம், விதிகள் வகுப்போம் என்று எவரும் தொடங்கிற்றிலர். வந்தவர் அமர்ந்தனர், அமர்ந்தவர்க்குச் சோறு வேண்டியிருந்தது, சோற்றிற்கு அடுக்களை வேண்டியிருந்தது. தியானக் கூட்டங்களின் வரலாற்றில் அடுக்களைக்கு உரிய இடத்தை எழுதுவார் சிலரே.

அவர் யார்க்கும் முறையாகத் தீக்கை செய்தாரிலர், மந்திரம் ஓதுவித்தாரிலர், இன்னார் என் மாணாக்கர் என்றும் கூறினாரிலர். மண்டபத்தில் மஞ்சத்தின்மேல் இருந்தார். வந்தவர் கீழே இருந்தனர். வினாவுவோர்க்கு விடை கூறினார். வினாவாதார்க்கு வாளா இருந்தார். 1938-இல் எழுதிவைத்த இறுதி ஆவணத்தால் ஆச்சிரமத்தின் நிருவாகத்தைத் தம் இளவல் நிரஞ்சனானந்தர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் உரிமையாக்கினார். ஆனால் குருவின் இருக்கைக்கு ஒருவரையும் உரிமையாக்கவில்லை. 1950 ஏப்பிரல் 14-இல் திருமேனி மறைந்தபின் அம்மஞ்சத்தில் எவரும் அமர்ந்திலர். இன்று அவர் திருவுருவப் படமே அதன்மேல் உள்ளது. நம் இளைஞர் அமர்வது அதன்முன்னரேயாம்.

புதுச்சேரியில் 1926-இல் அமைந்த அரவிந்தர் ஆச்சிரமமும், 1973-இல் அன்னையார் மறைந்தபின், குருவிருக்கையை நிரப்பவில்லை. மாறாக, யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளிடம் அருள்பெற்றுச் சென்று, 1970-இல் அமெரிக்காவைச் சார்ந்த காவாய்த் தீவில் ஆதீனம் கண்ட சிவாய சுப்பிரமுனியசுவாமிகள், 2001-இல் தாம் மறையுமுன் தம் பின்னோரை நியமித்தே சென்றார். ஆகவே இருக்கையை வெறிதே விடுதல், நிரப்புதல் என்னும் இருவழியும் இக்காலத்தில் நம் கண்முன் உள்ளன. எது நேரிது?

மெய்கண்ட நூல் கூறுவதைக் காண்பாம். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம், உள்நின்று உணர்த்திய இறைவனே குருவாய் எழுந்தருளி அறிவுறுத்துவன் என்று கூறும். வேடர் குடியில் வளர்ந்த அரச குமாரனே ஆண்டைக்கு உவமை. அவன் தன்னை வேடனென்றே எண்ணியிருந்தான். அவனைத் தனியே ஓரிடத்தில் இருத்தி, நீ யார் என்று உன்னையே வினாவிக்கொள் என்றால், அவன் கூறும் விடை யாதாம்? பன்னாள் வினாவினும் வேடன் என்பதே விடையாம். மிகுதியாக ஆராயின், நல்ல வேடன் என்பான். தந்தையாகிய அரசன் வந்து, நீ என் மகன் என்று கூறியபின்னரே அவனுக்கு உண்மை புலனாம். தன்னை உணர்தற்குத் தானே சாலாது என்பதும், உணர்த்துவார் வேண்டும் என்பதும் இவ்வுவமையாற் பெறப்படும்.

அற்றேல், இரமணர்க்கு உணர்த்தினார் யார் எனின், அதற்கும் நூலில் இடமுண்டு. விஞ்ஞானகலர்க்கு உள்நின்றும், பிரளயாகலர்க்குத் தன் திருமேனியோடு முன்னின்றும், சகலர்க்கு மானிட வடிவில் மறைந்து நின்றும் இறைவன் உணர்த்துவான் என்று ஆசிரியர் வகுத்துள்ளார். சகலருள்ளும் முற்றவம் நிரம்பியவர்க்குக் காணக்கூடிய குருவின்றியே அருள் வெளிப்படுதல் உண்டு. சீகாழியில் ஞானப்பால் உண்ட நம் பிள்ளையார்க்கு மானிட குரு யார்? அண்ணாமலையே தமக்குக் குருவென்று மகரிஷிகள் கருதியது நம் நெறிக்கு ஒவ்வாத கூற்றன்று. ஆயினும் பிள்ளையார்க்கு நிகழ்ந்ததைப் பொதுவிதியாக்கி, எல்லாரும் குளக்கரையில் அழுக என்று எவரும் கூறார். அவரும் கூறிற்றிலர், பெரும்பாலார்க்குக் குரு இன்றியமையாதவர் என்பதே அவர் கூறிய விடைகளிற் காணப்படுவது. அவர் கொள்கை சித்தாந்தமா வேதாந்தமா என்னும் வழக்கினை ஈண்டு எழுப்ப வேண்டா. அவ்வழக்கினால் இவ்விளைஞர்க்கு ஆவது ஒன்றுமில்லை.

இனி, அவர் கூறும் உள்ள அடக்கத்தை எடுத்துக்கொள்வாம். அடக்கம் ஒன்றன்று, இரண்டு. ஆன்மா கேவலத்தில் ஒன்றும் அறியாது அடங்கிக் கிடத்தலும் அடக்கமே. சுத்தத்தில் அருளோடு கூடித் தன்செயலற்று நிற்றலும் அடக்கமே. முன்னது இருளில் அடங்கல். பின்னது ஒளியில் அடங்கல். இருளிலும் கண்ணுக்கு வேறு பொருள் தோன்றாது. நண்பகல் ஞாயிற்றை நேரே நோக்கிய கண்ணுக்கும் வேறு பொருள் தோன்றாது. காணாமை ஒன்றே, காரணம் வேறு. அமர்ந்திருப்பவர்க்கு இவ்வேறுபாடு தோன்றுவதில்லை என்பதே இதிலுள்ள இடர். வேறுபாட்டை அறியும் அறிவு அடங்கிய நிலையினைத்தான் அவர் அடைந்திருக்கின்றார். அந்நிலையில் அதனை எதுகொண்டு அளப்பார்?

இது சித்தாந்திகள் மட்டும் கூறும் அச்சம் அன்று. மகரிஷிகளே முருகனார் வேண்டுகோட்கிணங்கி 1927-இல் 30 பாக்களால் இயற்றிய உபதேச உந்தியாரில், மனம் ஒடுங்குதலை இலயம் என்றும் நாசம் என்றும் இரண்டாகப் பிரித்துள்ளார். இலயத்தில் ஒடுங்கியது மீளவும் எழும். கங்கைக் கரையில் யோகி ஒருவன் மாணாக்கனைத் தண்ணீர் கொணருமாறு ஏவிவிட்டு, அவன் வருமுன் சமாதியில் ஆழ்ந்து, பன்னூறாண்டு கழிந்து விழித்து, தண்ணீர் எங்கே என்று கேட்டான் என்னும் கதையையும் அவர் சொல்வதுண்டு. அத்தனை ஆண்டுகளும் அவ்வேட்கை உள்ளே வாடாது இருந்தது. எமது கருத்தில் இக்கதை தியானக் கூட்டம் ஒவ்வொன்றின் வாயிலிலும் எழுதி வைக்கத்தக்கது.

எளியதோர் அளவுகோல் உண்டு. இரண்டு மணி நேரம் அசைவற்று இருந்தவர், வெளியே வந்து தம் செருப்புக் காணப்படாமைக்கு எவ்வாறு சினக்கின்றார் என்று நோக்குக. இருளில் அடங்கியது அப்படியே எழும். அருளில் அடங்கியதாயின், அடியாரைக் காணுந்தோறும் அன்பு பெருகும், திருக்கோயிலை நோக்கிக் கால்கள் தாமே செல்லும், தொண்டு இனிக்கும். ஆனால் இவ்வளவுகோலைத் தன்மேல் தானே வைத்து அளப்பவர் அரியர். பிறர் செருப்பைத் தேடும்போதே நமக்கு இந்நீதி நினைவிற்கு வரும்.

ஆகலின் வாழும் ஆசிரியரால் உண்டாகும் சிறப்புப் பயன் யாதெனின், யாம் கூறுவது இது: அவர் நம்மைக் கண்டிக்க வல்லவர். அவர் திருநோக்கால் அமைதி உண்டாம் என்பர், அது மெய்யே. ஆனால் அமைதி மலைக்குகையிலும் உண்டாம், நல்லிசையாலும் உண்டாம். நீ கொண்டது அடக்கமன்று, உறக்கம் என்று சொல்லுதற்கு ஓர் உயிருள்ள வாய் வேண்டும். அல்லது உயிருள்ள கண் வேண்டும்.

நம் சந்தான பரம்பரையே இவ்வாறு தொடங்கியதன்றோ? திருவெண்ணெய்நல்லூரில் இளம்பருவத்தினராய் இருந்து உபதேசித்த மெய்கண்டாரிடம், ஆகமம் யாவும் கரைகண்ட சகலாகம பண்டிதர் செருக்கோடு வந்து, ஆணவத்தின் வடிவம் யாது என்று வினாவினார். மெய்கண்டார் வாய்திறவாது, நின்ற அவரையே சுட்டினார் என்பது வரலாறு. அம்மௌனம் தாலாட்டும் மௌனம் அன்று, அடித்த மௌனம். அவ்வொரு கணத்திற் பண்டிதர் வீழ்ந்தார், அருணந்தி எழுந்தார். தில்லைவாழ் அந்தணராகிய உமாபதியார் பகலிற் பந்தம் பிடிப்பப் பல்லக்கிற் சென்றபோது, மறைஞானசம்பந்தர் அப்பல்லக்கு உயிரற்ற மரம் என்பதையும் அவர் பகலிற் கண்காணார் என்பதையும் ஒரே சொல்லால் எள்ளினார். உமாபதியார் பல்லக்கினின்று குதித்துப் பின்தொடர்ந்தார். அவ்வெள்ளலைச் செவியுற்றும் பல்லக்கிலேயே சென்றிருப்பாரேல், நமக்குச் சித்தாந்த நூல் எட்டினை ஆக்கித் தந்தார் யார்?

அண்மைக் காலத்தும் இதனைக் காணலாம். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்ப சுவாமிகளை ஊரார் பித்தர் என்றனர். அணுகினாரை அவர் வைதார். அவ்வசையைத் தாங்கி நின்றவரே யோகசுவாமிகளாய் 1964 வரை கொழும்புத்துறையில் விளங்கினார். அவரும் தம்மிடம் வந்தார் எல்லாரையும் இன்முகங் காட்டி இருத்தினார் அல்லர். சிலரைப் படியிலேயே திருப்பினார். அவர்தம் அன்பர் 1935-இல் தொடங்கிய இதழுக்கும், பின்னர் அமைத்த நிலையத்திற்கும் தியானத்தின் பெயரையோ குருவின் பெயரையோ இடாமல் சிவதொண்டன் என்று பெயர் வைத்தமை நினைக்கத்தக்கது.

இரமணர் மண்டபத்தில் கண்டிப்பு இல்லை என்று எண்ணற்க. அதன் முறையே வேறு. சிந்திய அரிசியைத் தாமே குனிந்து பொறுக்கினார். ஒருபுறம் எழுதிய தாளின் மறுபுறத்தை வீணாக்காது பயன்படுத்தினார். விடியுமுன் அடுக்களையிற் காய் அரிந்தார். அருகிருந்தவர்க்கு அவை வசையினும் கூரியன. முருகனார் தாம் கேட்ட உபதேசங்களைப் பாட்டாக்கிக் காட்டியபோது அவற்றைத் திருத்தினார். வேண்டுமிடத்துத் தாமும் பாக்கள் இயற்றிச் சேர்த்தார். அவ்வாறு உருவாகியதே குருவாசகக் கோவை. மாணாக்கன், தான் கேட்டதாக எண்ணியதனை ஆசிரியர் திருமுன்பு வைத்து, இது சரியா என்று வினாவத் துணிந்தமையும், ஆசிரியர் அதன்மீது எழுதுகோல் வைத்தமையும் பெரிய பேறு. 1950-க்குப் பின் அவர் உபதேசம் பற்றி எழுந்த நூல்கள் எத்தனையோ. அவற்றுள் ஒன்றன்மீதும் அவ்வெழுதுகோல் பட்டிலது.

இங்கேதான் இடர் மிகுகின்றது. 1935 முதல் 1939 வரை மண்டபத்தில் நிகழ்ந்த உரையாடல்கள் குறித்து வைக்கப்பட்டுள்ளன. வினாவினாரின் பக்குவம் நோக்கி அளித்த விடைகள் அவை. கோயில் வழிபாட்டை விடலாமா என்று ஒருவர்க்குக் கூறியது மற்றொருவர்க்கு ஆகாது. மருத்துவர் ஒரு நோயாளிக்கு எழுதிய மருந்துச் சீட்டினை ஊரார் அனைவரும் படித்துத் தத்தமக்கு இனிக்கும் மருந்தினைத் தெரிந்தெடுத்தாற்போல, இன்று ஒவ்வொருவரும் தமக்கு வேண்டும் விடையை அந்நூலினின்று எடுத்துக்கொள்கின்றனர். மறைந்த ஆசிரியர் மறுத்துரையார். படம் புன்னகை செய்துகொண்டே இருக்கும். அதன்முன் எவனும் பிழைபட்டவன் ஆகான்.

இதனால் இருக்கையை நிரப்புதலே நேரிது என்று யாம் கூறப்புகுந்தோம் எனின், அற்றன்று. இருக்கை நிரம்பியிருந்தும் கண்டிப்பார் இலராதல் கூடும். இதனை நம் மடங்களின் அன்பர்கள் பொறுமையோடு கேட்டல் வேண்டும். திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் குருமூர்த்தம் இடையறாது வருதல் தமிழ்ச் சைவத்திற்குப் பெருந்துணை. ஆனால் மகாசந்நிதானம் ஒருவரே ஆசாரியராகவும், பல கோயில்களுக்கும் நிலங்களுக்கும் உரிமை பூண்டவராகவும் இருத்தலின், குத்தகை வழக்கிற்கும் திருப்பணிக்கும் போக எஞ்சிய பொழுதே தம்பிரான்மார்க்கு உரியதாகின்றது. மகரிஷிகள் நிருவாகத்தை ஒருபாலும் குருத்துவத்தை ஒருபாலும் பிரித்து வைத்ததில் நமக்குப் பாடம் ஒன்று உண்டென்று கருதுகின்றோம். பழையதோர் சைவ ஆதீனத்தில் 2012-இல் இளைய பட்டம் ஒருவர்க்குச் சூட்டப்பெற்றதும், சைவ உலகம் கொதித்ததும், அவ்வாண்டிற்குள்ளேயே அப்பட்டம் நீக்கப்பட்டதும் யாவரும் அறிந்தன. தகாதவர் அமர்தலினும் இருக்கை வெறிதாய் இருத்தல் நன்று என்று அக்காலை எத்துணைப்பேர் நினைத்தனரோ!

வாழும் குருவைச் சார்ந்தோம் என்று மகிழ்வாரிற் பலரும் இன்று உண்மையில் யாரைச் சார்ந்துள்ளனர்? நூறாயிரம் மக்கள் கூடிய திடலில் தொலைவில் ஒரு மேடை. அல்லது கையடக்கத் தொலைபேசியில் ஒரு முகம். அவரை இவர் காண்கின்றார். இவரை அவர் காண்கின்றிலர். இவர் பொய் கூறினும் அவர் அறியார், உறங்கினும் அறியார். அவர் உயிரோடிருத்தல் அவர் திறத்தில் உண்மை. இவர் திறத்தில் அவரும் ஒரு படமே. நம் இளைஞரை நோக்கி, மறைந்தாரைப் பற்றினாய் என்று நகைப்பார் இதனை எண்ணுதல் வேண்டும்.

கண்டிக்கும் அதிகாரத்தால் தீங்கும் விளையுமே எனின், விளையும். கண்டிப்பு என்னும் பெயரால் மாணாக்கரின் பொருளையும் மானத்தையும் கவர்ந்தவர் கதைகள் நாளிதழ்களில் வந்தவண்ணம் உள்ளன. அதற்குக் காப்பாகவே குருவும் மாணாக்கரும் முதற்கண் ஒருவரையொருவர் ஆராய்தல் வேண்டுமென்று நூல்கள் விதித்தன. ஆசிரியன் இயல்பு கூறிய நன்னூலார், ஆசிரியன் ஆகாதான் இயல்பினையும் கூறாது விட்டாரிலர். சைவ ஆசாரியர் தாமும் சிவபூசைக்கும் ஆகம ஒழுக்கத்திற்கும் கட்டுப்பட்டவர். தம்மைக் கண்டிக்க ஒரு நூல் இல்லாதவர் பிறரைக் கண்டித்தற்கு உரியரல்லர்.

இனி, இருக்கை வெறிதாதல் சைவத்திற்குப் புதிதா? திருப்பெருந்துறையிற் குருந்த மரத்தடியில் வீற்றிருந்த குருமூர்த்தியைச் சூழ்ந்து ஓர் அடியார் கூட்டம் இருந்தது. வாதவூரர் அதனுட் புகுந்தார். பின்னர் இறைவர் மறைந்தார். ஏனை அடியாரும் உடன் சென்றனர். இவரை மட்டும் இருத்திச் சென்றனர். குரு நீங்கியபின் எஞ்சிய மாணாக்கன் படும் பாடு எத்தகையது என்பதை அறிய விரும்புவார்க்குத் திருவாசகத்தின் மேலான நூல் இல்லை. முருகனார் தம் ரமண சந்நிதிமுறையைத் திருவாசகத்தின் நெறியில் யாத்தது காரணமின்றி அன்று.

இன்றும் ஆவுடையார்கோயிலிற் சென்று கண்டார் அறிவர். மூலத்தானத்தில் ஆவுடை உண்டு. அதன்மேல் இலிங்கத் திருமேனி இல்லை. அம்மை சந்நிதியிலும் திருவடிகளே உள்ளன. ஆங்கு வெற்றிருக்கையே வழிபடப்படுகின்றது. சோற்றின் ஆவியே நிவேதனம் ஆகின்றது. இத்தலம் திருவாவடுதுறை ஆதீனத்தின் பாதுகாப்பில் உள்ளது. ஆயின், குருவின் இருக்கை வெறிதாயிற்று என்று ஆச்சிரமத்தாரை இகழ்வார், வெற்றிருக்கையைப் போற்றிக் காக்கும் தம் குலதனத்தை அறியாதவர் ஆவர்.

ஆனால் ஒன்று நோக்குக. வாதவூரர் அக்குருந்தின் அடியிலேயே அமர்ந்து வாழ்நாள் கழிக்கவில்லை. அருளாணையின்படி தலந்தோறும் சென்றார், தில்லையை அடைந்தார், புத்தரோடு வாதிட்டார், பாடினார். வெற்றிருக்கை அவரை இருத்தவில்லை, நடத்திற்று. பன்னிரண்டாஞ் சூத்திரமும், மலம் கழுவப்பெற்றவர்க்குங்கூட, அடியாரோடு கூடுதலையும் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலையும் விதித்தது. குருவருள் பெற்றவர்க்கே அவை வேண்டுமாயின், குருவைக் கண்ணாற் காணாதவர்க்கு அவை எத்துணை வேண்டும்! இரமணாச்சிரமத்திலும் மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்கு 1949-இல் மகரிஷிகள் இருக்கும்போதே குடமுழுக்கு நிகழ்ந்தது; வேத பாராயணமும் தமிழ்ப் பாராயணமும் நாடோறும் நடந்து வருகின்றன. மண்டபத்தின் அமைதியை மட்டும் ஊருக்கு எடுத்துச் சென்று, இவற்றை ஆண்டே விட்டுச் செல்வார், வேரை விட்டுப் பூவைப் பறித்தவர் ஆவர்.

இனி அன்பரின் வினாக்களுக்கு வருவாம். முதல் வினாவிற்கு விடை: கொள்ளலாம். குருவெனக் கொள்ளப்படுபவன் சிவனே. அவன் எழுந்தருளிய திருவேடம் எதன்மேற் பத்தி உண்டாயினும் அது வீணாகாது. ஆனால் அக்குரு இவரைத் தாலாட்டுவர், தட்டிக் கேளார். ஆகவே இது பத்திக்கு அமையும், பயிற்சிக்கு அமையாது.

இரண்டாவது வினாவிற்கு விடை கூறுமுன், திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் நிகழ்ந்ததை நினைப்பிக்கின்றோம். திருக்கூட்டத்தை வணங்காது ஒருபால் ஒதுங்கிச் சென்ற நம்பியாரூரரை, இறைவனுக்குத் தோழர் என்றும் பாராது, இவர் நமக்குப் புறம்பு என்று விறன்மிண்டர் கழறினார். அக்கழறலின் பயனாகத் திருத்தொண்டத்தொகை பிறந்தது. அதன் வழியே பெரியபுராணம் பிறந்தது. அடியார் கூட்டத்தின் இலக்கணம் ஒன்று இதிற் பெறப்படுகின்றது. பதின்மர் ஓரிடத்தில் வாய்பேசாது இருந்து, எழுந்து, ஒருவரையொருவர் புகழ்ந்து கலைவாராயின் அது நல்லதொரு நட்புக் கூட்டம். அவருள் ஒருவர் மற்றவரை நோக்கி, உன் தாயார் நோயுற்றிருக்க நீ ஈண்டு அமர்ந்திருத்தல் தகுமா என்று கேட்டற்கு உரிமை இருக்குமாயின், கேட்கப்பட்டவர் மறுவாரமும் வருவாராயின், அதனை அடியார் கூட்டம் என்றற்குத் தடையில்லை. அவர்கள் மௌனத்திற்கு முன் ஒரு திருமுறைப் பதிகமும், பின்னர் மெய்கண்ட நூலில் ஒரு சூத்திரத்தின் உரையும் ஓதுவாராக. நூலும் கண்டிக்கும், வரிசையாகப் படித்தால். வேண்டும் இடத்தை மட்டும் எடுத்துப் படிப்பார்க்கு அதுவும் படம் போன்றதே.

மூன்றாவது வினாவிற்கு விடை: தீக்கை வேண்டும். பெற்றுவிட்ட அமைதியைப் பெறுதற்காக அன்று. அவ்வமைதி யாது என்பதைத் தம்மினும் மூத்த ஒருவர் அறிந்து கூறுதற்காக. ஆசாரியர் ஒருவரை அடுத்து, சமய தீக்கை பெற்று, ஐந்தெழுத்தை அவர் கூறிய முறையில் எண்ணுவாராக. ஒன்பதாஞ் சூத்திரம் கூறும் தியானம் அதுவே. திருவண்ணாமலைக்குச் செல்லுதலை நிறுத்த வேண்டா. அவ்வாசாரியர் அதனை நிறுத்துக என்று பணிப்பாரேல், காரணம் கேட்டற்கு இவர்க்கு உரிமை உண்டு. காரணம் கூறுதல் அவர்க்குக் கடமை.

இவ்விளைஞர்க்குத் தக்க ஆசாரியர் எங்குளர், எந்நாளிற் காணலாம் என்பதைத் தனிக் கடிதத்தில் எழுதியுள்ளோம். தீக்கை பெற்றபின் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை ஓராண்டு கழித்து அவர் எழுதுவாராயின், அவர் இசைவு பெற்று அதனையும் வெளியிடுவோம்.